தபால்தலை அளவு நெகட்டிவ் முதல் 300 பிபிஐ வரை: பிரின்ட் போட்டோவுக்கு அடித்தளம் போட்ட டால்பாட்

மொபைல் திரையில் பளிச்சென்று இருக்கும் போட்டோ, 12×18 இன்ச் பிரின்ட்டாகக் கைக்கு வந்ததும் மங்கலாக, கட்டம் கட்டமாகத் தெரியும். பலருக்கும் நடந்திருக்கும். ரெசல்யூஷன் பத்தவில்லை, ஒரிஜினல் ஃபைல் இருந்தால் அனுப்புங்கள் என்பார்கள் ஸ்டூடியோவில். சரி, ஒரிஜினலுக்கும் காப்பிக்கும் அப்படி என்ன வித்தியாசம்? ஒரு படத்தை எவ்வளவு தூரம் பெரிதாக்கலாம்? அதென்ன 300 பிபிஐ கணக்கு?

பிக்சல் என்ற சொல்லே இல்லாத காலத்தில், 1830களிலேயே இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியவர் ஒருவர் இருந்தார். பெயர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட். நெகட்டிவ் எடுத்து அதிலிருந்து எத்தனை பிரின்ட் வேண்டுமானாலும் போடலாம் என்ற முறையை உலகத்துக்குக் கொடுத்தவர். போட்டோவைப் புள்ளிகளாக உடைத்து மையில் அச்சடிக்கலாம் என்று யோசித்த முன்னோடிகளில் ஒருவர். ஆனால் உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைத்தது பாராட்டைவிடத் திட்டுதான் அதிகம். ஏன்?

யார் இந்த டால்பாட்?

1800 பிப்ரவரி 11 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பிறந்தார். குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். சொத்தாக இருந்த லேகாக் அபே என்ற பழைய மாளிகை கடனில் கிடந்தது. அதனால் வாடகைக்கு விடப்பட்டது. அம்மா எலிசபெத் கெட்டிக்காரர். குடும்பத்தின் பண விவகாரத்தை மெல்ல நேராக்கினார். 1827இல்தான் டால்பாட் சொந்த வீட்டுக்கே குடியேற முடிந்தது.

படிப்பில் ஆள் கில்லி. ஹாரோ பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி. கணிதம், ஒளியியல், வேதியியல், தாவரவியல், பழைய மொழிகள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1831இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அடுத்த ஆண்டே சிப்பன்ஹாம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அதே டிசம்பரில் கான்ஸ்டன்ஸ் மண்டியோடு திருமணம்.

இத்தனை திறமை இருந்தும் ஒரு விஷயம் மட்டும் அவருக்கு வரவே இல்லை. அது ஓவியம்.

வரைய வராததால் வந்த யோசனை

1833 அக்டோபரில் மனைவி, சகோதரிகளோடு இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போயிருந்தார். போட்டோ என்ற ஒன்றே இல்லாத காலம் என்பதால், ஊர் சுற்றுகிறவர்கள் பார்த்ததை வரைந்து எடுத்துவருவதுதான் வழக்கம். டால்பாட்டிடம் கேமரா லூசிடா என்ற கருவி இருந்தது. எதிரே தெரியும் காட்சியைக் காகிதத்தின் மேல் விழுவதுபோலக் காட்டும் பட்டகம் அது. அதன் மேலேயே கோடு இழுத்தால் போதும். அப்படியும் அவர் வரைந்தது பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்கு முன்பு கேமரா அப்ஸ்கியூராவையும் முயன்றிருக்கிறார். பெட்டிக்குள் லென்ஸ் வழியாக வந்து விழும் காட்சி அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் பெட்டியை நகர்த்தினால் போயே போச்சு. அந்தக் காட்சி தானாகவே காகிதத்தில் பதிந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்தது கோமோ ஏரிக்கரையில்தான்.

1834இல் லேகாக் திரும்பியதும் வேலையைத் தொடங்கினார். நல்ல எழுதுதாளை உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பார். மேலே சில்வர் நைட்ரேட் கரைசலைத் தடவுவார். இரண்டும் சேர்ந்து சில்வர் குளோரைடு ஆகும். வெயில் பட்டால் அது கறுக்கும். தாளின் மேல் ஓர் இலையையோ லேஸ் துணியையோ வைத்து வெயிலில் காட்டினால், மறைந்த இடம் வெள்ளையாக, மற்றது கறுப்பாக மாறும்.

இதில் அவர் கவனித்த நுட்பம் ஒன்று உண்டு. உப்பு குறைவாக இருந்த இடம் வேகமாகக் கறுத்தது. உப்பு தூக்கலாக இருந்த இடம் மந்தமாக இருந்தது. அப்படியென்றால், குறைந்த உப்பில் தாளைத் தயாரிக்கலாம். படம் வந்த பிறகு, கடும் உப்புக் கரைசலில் முக்கி அதற்கு மேல் கறுக்காமல் தடுக்கலாம். ஒரே பொருள்தான். அளவை மாற்றினால் வேலை மாறுகிறது.

200 கண்ணாடிச் சில்லுகள்

1835 கோடையில் கேமராவுக்குள் இந்தத் தாளை வைத்தார். பெரிய பெட்டியில் வெளிச்சம் பத்தவில்லை, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் சில இன்ச் அளவே உள்ள சின்னச் சின்ன மரப்பெட்டிகளைச் செய்யவைத்தார். படம் சிறிதாக விழுந்தால் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியும், சீக்கிரம் பதியும். வீட்டைச் சுற்றிலும் இந்தப் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்த கான்ஸ்டன்ஸ், அவற்றுக்கு எலிப்பொறி என்றே பெயர் வைத்துவிட்டார்.

அந்த ஆகஸ்டில் எடுத்த ஒரு படம் இன்றும் இருக்கிறது. லேகாக் மாளிகையின் ஜன்னல் ஒன்று. அதில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள், இடையில் மெல்லிய ஈயச் சட்டங்கள். நெகட்டிவின் அளவு ஏறக்குறைய ஒரு தபால்தலை. கேமராவில் எடுக்கப்பட்டு இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய நெகட்டிவாக இது கருதப்படுகிறது.

அதன் பக்கத்தில் டால்பாட் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். படம் எடுத்த புதிதில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளை எண்ண முடிந்தது என்பதுதான் அதன் சாரம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஒரு படம் எவ்வளவு பெரிது என்பது வேறு, அதற்குள் எவ்வளவு விவரம் இருக்கிறது என்பது வேறு. தபால்தலை அளவுக்குள்ளும் 200 சில்லுகள் தனித்தனியாகத் தெரியலாம். சுவர் அளவு படத்தில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். நாம் இன்று ரெசல்யூஷன் என்று சொல்வது இதைத்தான். எண்ணிப் பார்த்து விவரத்தை அளக்கலாம் என்பது அவருக்கு 1835இலேயே பிடிபட்டிருந்தது.

பாரிஸிலிருந்து வந்த அதிர்ச்சி

அடுத்த மூன்று ஆண்டுகள் டால்பாட் இந்த வேலையை ஓரம்கட்டிவிட்டார். கணிதமும் ஒளியியலும் அவரை இழுத்துக்கொண்டன. அதன் விலையை 1839 ஜனவரி 7 அன்று கொடுக்க நேர்ந்தது. லூயி டாகேர் என்பவர் கேமரா காட்சியை நிரந்தரமாகப் பதிக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பாரிஸில் அறிவிப்பு வந்தது.

டால்பாட் பதறிப்போனார். ஜனவரி 25 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் பழைய படங்களைக் காட்சிக்கு வைத்தார். 31ஆம் தேதி ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசிக்கப்பட்டது. ஆனால் முதலில் அறிவித்தவர் என்ற பெயர் டாகேருக்குப் போய்விட்டது.

டாகேரின் முறை வேறு. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேரடியாகப் படம் விழும். கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை. டால்பாட்டின் காகிதப் படம் அதன் பக்கத்தில் சொரசொரப்பாகத் தெரிந்தது. தாளின் நார்களும் படத்தோடு சேர்ந்து பிரின்ட்டில் விழுந்துவிடும்.

ஆனால் டாகேர் படத்துக்கு ஒரு குறை. அது ஒரே ஒரு பிரதிதான். தொலைந்தால் தொலைந்ததுதான். டால்பாட்டின் நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு தாளை வைத்துக்கொண்டு பத்து வீட்டுக்குப் படம் கொடுக்கலாம். கூர்மையில் தோற்றாலும், பிழைத்து நின்றது இந்த யோசனைதான். ஃபிலிம் காலம் முடியும்வரை உலகம் இதைத்தான் பின்பற்றியது.

இந்த நேரத்தில் கைகொடுத்தவர் நண்பர் ஜான் ஹெர்ஷல். உப்புக் கரைசலைவிட ஹைப்போ என்ற ரசாயனம் படத்தை நன்றாக நிலைநிறுத்தும் என்று சொல்லிக்கொடுத்தார். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான்.

மறைந்திருந்த படம்

1840 செப்டம்பரில் பெரிய திருப்பம். கேமராவுக்குள் கொஞ்ச நேரமே இருந்த தாளில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் காலிக் அமிலம் கலந்த கரைசலைத் தடவியதும் படம் மெல்ல மேலெழுந்து வந்தது. வெளிச்சம் பட்டதுமே படம் பதிந்துவிடுகிறது, அதை ரசாயனத்தால் வெளியே கொண்டுவந்தால் போதும் என்பது புரிந்தது. மணிக்கணக்கு நிமிடக்கணக்காகக் குறைந்தது. இதற்குக் காலோடைப் என்று பெயர் வைத்து, 1841 பிப்ரவரி 8 அன்று காப்புரிமை வாங்கினார்.

அன்று பிரின்ட் என்றால் பெரும்பாலும் நெகட்டிவையும் தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெயிலில் காட்டுவதுதான். நெகட்டிவ் என்ன அளவோ அதே அளவுதான் பிரின்ட். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கேமரா வேண்டும். 1843இல் டால்பாட் வாங்கிய இன்னொரு காப்புரிமையில், லென்ஸ் வழியாகப் படத்தைப் பெரிதாக்கிப் பிரின்ட் எடுக்கும் யோசனையும் இருந்தது. சின்னதாக எடு, பெரிதாகப் போடு. இன்று மொபைலில் எடுத்து ஃப்ரேம் போடுகிற நாமும் அதைத்தான் செய்கிறோம்.

ஆனால் பெரிதாக்கினால் விவரம் கூடாது. 200 சில்லுகள் உள்ள நெகட்டிவைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் 200 சில்லுகள்தான் தெரியும். கூடவே தாளின் நாரும் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். இன்றைய சாஃப்ட்வேர் பிக்சல்களைக் கூட்டும்போது, பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடையில் என்ன வரலாம் என்று கணக்குப் போட்டு நிரப்புகிறது. படம் வழவழப்பாகும். ஆனால் கேமரா பார்க்காத ஒன்றை அது கண்டுபிடித்துக் கொடுக்காது.

வெளிறிப்போன பிரின்ட்டுகள்

1844இல் லண்டனுக்கு அருகே ரெடிங் நகரில் ஒரு பிரின்ட் கூடம் தொடங்கப்பட்டது. நடத்தியவர் நிக்கோலாஸ் ஹென்னமன், டால்பாட்டிடம் வேலை பார்த்த டச்சுக்காரர். அதே ஆண்டு 'பென்சில் ஆஃப் நேச்சர்' புத்தகத்தின் முதல் பகுதி வெளியானது. 1846 வரை ஆறு பகுதிகள், மொத்தம் 24 படங்கள். ஒவ்வொன்றும் வெயிலில் எடுத்த நிஜப் பிரின்ட். ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒட்டப்பட்டவை.

அதோடு 1846இல் ஆர்ட் யூனியன் என்ற இதழுக்காக ஆயிரக்கணக்கில் பிரின்ட் போட வேண்டியிருந்தது. அங்கேதான் அடி விழுந்தது. அவசரத்தில் சரியாகக் கழுவப்படாத பிரின்ட்டுகளில் ஹைப்போ தங்கிவிட்டது. கொஞ்ச நாளிலேயே படங்கள் மஞ்சளாகி வெளிறத் தொடங்கின. புதுக் கண்டுபிடிப்பை ஊருக்கே விளம்பரப்படுத்த வேண்டிய படங்கள், இது நிலைக்காது என்று ஊருக்கே காட்டிக்கொடுத்தன. ரெடிங் கூடமும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

மையில் அச்சான புத்தகம் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது. வெள்ளியில் பதிந்த படம் ஏன் நிற்கவில்லை? டால்பாட்டின் மீதி வாழ்க்கையை இழுத்துச் சென்றது இந்தக் கேள்விதான்.

காப்புரிமைச் சண்டை

அதற்கு நடுவே அவர் பெயரைக் கெடுத்த விவகாரம் ஒன்று. டாகேருக்குப் பிரெஞ்சு அரசு ஓய்வூதியம் கொடுத்து, முறையை உலகத்துக்கு இலவசமாக்கியது. இங்கிலாந்தில் மட்டும் அதற்குக் காப்புரிமை இருந்தது. டால்பாட்டுக்கு அரசு எதுவும் தரவில்லை. தன் கைக்காசைப் போட்டு ஆராய்ந்தவர், உரிமக் கட்டணம் கேட்டார். கேட்டது நியாயம்தான் என்றாலும், தொகையும் கெடுபிடியும் பலரை எரிச்சலாக்கின.

1851இல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடியில் நெகட்டிவ் எடுக்கும் கொலோடியன் முறையைக் காப்புரிமை இல்லாமலேயே வெளியிட்டார். கண்ணாடியில் நார் கிடையாது. அதனால் டாகேரின் கூர்மையும் டால்பாட்டின் பிரதிகளும் ஒன்றாகக் கிடைத்தன. அதுவும் தன் காப்புரிமைக்குள் அடங்கும் என்றார் டால்பாட். 1852இல் எதிர்ப்பு முற்றியதும் பெரும்பாலான உரிமைகளை விட்டுக்கொடுத்தார். காசுக்கு முகப்படம் எடுக்கும் தொழிலுக்கு மட்டும் விடவில்லை.

1854 டிசம்பரில் மார்ட்டின் லாரோஷ் என்ற ஸ்டூடியோக்காரருக்கு எதிரான வழக்கு விசாரணைக்கு வந்தது. ஜூரி சொன்ன தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. காலோடைப் முறையைக் கண்டுபிடித்தவர் டால்பாட்தான். ஆனால் லாரோஷ் செய்தது காப்புரிமை மீறல் இல்லை. பெயர் கிடைத்தது, வழக்கு போனது. காலாவதியாக இருந்த காப்புரிமையை நீட்டிக்கும் முயற்சியையும் கைவிட்டார்.

தஞ்சாவூர் பெரிய கோயில் வரை

அவர் விதைத்த காகித நெகட்டிவ் முறை தமிழ்நாட்டுக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், மதராஸ் மாகாண அரசின் போட்டோகிராஃபராக நியமிக்கப்பட்டார். 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றிப் படம் எடுத்தார்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை ஒரே படத்தில் அடக்க முடியாது. தூரத்தில் நின்று எடுத்தால் எழுத்து தெரியாது. டிரைப் என்ன செய்தார்? நகர்ந்து நகர்ந்து 21 நெகட்டிவ் எடுத்தார். பிரின்ட்டுகளை ஒட்டியபோது கிடைத்தது சுமார் 19 அடி நீளப் படம். ஒன்றைப் பெரிதாக்குவதற்குப் பதில், விவரத்தை நேரடியாகவே கூடுதலாகச் சேகரித்துவிட்டார். மொபைலில் பனோரமா எடுக்கும்போது நடப்பதும் இதுதான்.

புள்ளிகளில் பிறந்த 300

வெளிறும் பிரின்ட்டுக்கு மாற்று தேடிய டால்பாட், மை பக்கம் திரும்பினார். ஆனால் அச்சு மைக்கு ஒரு சிக்கல். பூசினால் கறுப்பு, பூசாவிட்டால் வெள்ளை. சாம்பல் நிறத்துக்கு வழியில்லை. போட்டோவோ முழுக்கச் சாம்பலின் சாயல்கள்தான்.

1852இல் அவர் வாங்கிய காப்புரிமையில் இதற்கு விடை இருந்தது. வெளிச்சம் பட்டால் கெட்டியாகும் ஜெலட்டினை எஃகுத் தகட்டில் பூசினார். படத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய வலைத்துணியை வைத்தார். துணியின் இழைகள் படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்தன. 1858இல் துணிக்குப் பதிலாகப் பிசின் தூளைத் தூவும் முறைக்கு மாறினார். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தத் துண்டுகள் கலந்து சாம்பலாகத் தெரியும். கண்ணை ஏமாற்றுகிற வேலைதான். ஆனால் நேர்மையான ஏமாற்று.

இந்த யோசனையைப் பிறர் வளர்த்து, 1880களில் ஹாஃப்டோன் அச்சாக்கினார்கள். செய்தித்தாளில் போட்டோ வந்தது அதற்குப் பிறகுதான். இன்றும் பேப்பர் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் தெரியும்.

300 என்ற எண்ணின் வேரும் இங்கேதான் இருக்கிறது. நல்ல பத்திரிகை அச்சில் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 150 வரிசைப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பிக்சல் இருந்தால் பாதுகாப்பு என்பது அச்சுத் தொழிலில் புழங்கும் கணக்கு. 150 × 2 = 300. அதனால்தான் இன்ச்சுக்கு 300 பிக்சல், அதாவது 300 பிபிஐ.

உங்கள் போட்டோவுக்கு இந்தக் கணக்கு எப்படி?

பிரின்ட் அளவை இன்ச்சில் எடுத்து 300ஆல் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

• 4×6 இன்ச்: 1200×1800 பிக்சல்
• 8×10 இன்ச்: 2400×3000 பிக்சல்
• 12×18 இன்ச்: 3600×5400 பிக்சல், சுமார் 19 மெகாபிக்சல்

மெசேஜிங் ஆப்பில் வந்த படம் 1200×1600 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4×6இல் போட்டால் இன்ச்சுக்கு 260க்கு மேல் கிடைக்கும், நன்றாகவே வரும். அதையே 12×18இல் போட்டால் 90கூட வராது. கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்கினால் ஒரிஜினல் பிக்சல்கள் அப்படியே வரும்.

தூரத்திலிருந்து பார்க்கிற பெரிய படத்துக்கு 300 தேவையில்லை, 150 போதும். ரோட்டோர பேனருக்கு அதைவிடக் குறைவே போதும்.

ஃபைலில் 72 என்று இருப்பதை 300 என்று மாற்றி எழுதினால் மட்டும் தரம் கூடாது. பிக்சல் எண்ணிக்கை மாறாத வரை படம் அதே படம்தான். மொபைல் படம் பெரும்பாலும் 4:3 விகிதம், 4×6 பிரின்ட் 3:2. அதனால் ஓரம் வெட்டுப்படும். எங்கே வெட்டுவது என்பதை நீங்களே முடிவுசெய்து அனுப்புவது நல்லது.

முக்கியமாக, அளவை மாற்றுவதை எப்போதும் ஒரிஜினலின் பிரதியில் செய்யுங்கள். சுருக்கிய படத்தை மறுபடி பெரிதாக்காதீர்கள். நெகட்டிவை பத்திரமாக வைத்துக்கொண்டு பிரின்ட்டில் மட்டும் கைவைத்த டால்பாட் காலத்துப் பழக்கம்தான் இது.

கடைசி ஆண்டுகள்

வழக்குக்குப் பிறகும் டால்பாட் சும்மா இருக்கவில்லை. 1857இல் அசீரிய ஆப்பெழுத்துக் கல்வெட்டு ஒன்றை நான்கு அறிஞர்கள் தனித்தனியாக மொழிபெயர்த்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த நால்வரில் அவரும் ஒருவர். மையில் போட்டோ அச்சடிக்கும் வேலையையும் விடவில்லை. 1877 செப்டம்பர் 17 அன்று லேகாக்கிலேயே இறந்தார். ஹாஃப்டோன் படங்களோடு செய்தித்தாள்கள் வருவதை அவர் பார்க்கவில்லை.

லேகாக் மாளிகை இன்று நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது. அந்த ஜன்னலைப் போய்ப் பார்க்கலாம். தபால்தலை அளவு நெகட்டிவும் பிழைத்திருக்கிறது. எடுத்த புதிதில் 200 சில்லுகளை எண்ண முடிந்தது என்றுதான் டால்பாட் குறிப்பு எழுதினார். புதிதில் என்ற அந்தச் சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. விவரம் கைநழுவிப் போகும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.